செவிலியரிடம் கைரேகை கேட்பது ஏன்?



செவிலியர் படிப்பை முடித்து அமெரிக்காவில் பணிபுரிய விண்ணப்பித்திருக்கும் பெண்களின் பெற்றோர் சிலர் மனக்கசப்போடு ஒரு கேள்வியைக் கேட்கின்றனர். "எங்கள் மகள் நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்றாள். ஆங்கிலத் தேர்வில் தேறினாள். அந்நாட்டார் நடத்தும் செவிலியர் தகுதித் தேர்விலும் தேறினாள். இத்தனைக்கும் பிறகு, பத்து விரல் ரேகைகளையும் பதித்து அனுப்பு என்கிறார்கள். போலீஸ் நற்சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்யப் போகிறவளைக் குற்றவாளியைப் போல நடத்தலாமா?"

இந்த வருத்தம் இயல்பானதே. ஆதார் வந்த பிறகு ரேஷன் கடையிலும் நாம் விரல் வைத்துப் பழகிவிட்டோம். ஆயினும் போலீஸ், குற்றப் பதிவு என்ற சொற்களைக் கேட்டதும் மானமுள்ள குடும்பங்களுக்கு நெஞ்சு சுருக்கென்கிறது. 'போலீஸ் வாசற்படி மிதிக்காத குடும்பம்' என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கொள்பவர்கள் நாம். எனவே இந்தச் சோதனை எதற்காக ஏற்பட்டது, அது எதைக் காக்கிறது, எதைக் காக்க இயலாது என்பதை இம்மாதம் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

கட்டிலில் இருப்பவர் யார்?

நாம் ஒரு தையற்காரரிடம் துணி கொடுப்பதாயின் நாலு பேரை விசாரிக்கிறோம். வீடு கட்டக் கொத்தனாரை அமர்த்துவதாயின் அவர் முன்பு கட்டிய வீட்டைப் போய்ப் பார்க்கிறோம். பெண் கொடுப்பதாயின் சொல்லவே வேண்டியதில்லை. மூன்று தலைமுறையை அலசிப் பார்த்துவிடுகிறோம். ஆனால் நள்ளிரவில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் முதியவர் யாரை விசாரிப்பார்? அறுவைச் சிகிச்சைக்குப் பின் நினைவின்றிக் கிடப்பவர், தம் கையில் ஊசி போடுகிறவரின் முன்வரலாற்றை எவ்வாறு அறிவார்? பிறந்து இரண்டு நாளான குழந்தை யாரிடம் முறையிடும்?

செவிலியர் பணியின் தன்மையை எண்ணிப் பாருங்கள். நோயாளியின் ஆடையை மாற்றுபவர் அவர். நோயாளியின் கைப்பையும் நகையும் அவர் கண்முன்னே இருக்கின்றன. மார்ஃபின், ஃபென்டனில் போன்ற வலிதீர்க்கும் மருந்துகள் அவர் கையாளும் அலமாரியில் உள்ளன. அவை நோயாளிக்கு வலி நீக்கும். தவறான கைக்குச் சென்றால் போதைப் பொருளாகிவிடும். முதியோரின் வீட்டுக்கே சென்று பராமரிக்கும் செவிலியர்க்கோ உடன் நின்று பார்ப்பவர் ஒருவரும் இரார். இத்துணை அந்தரங்கத்திலும் இத்துணைத் தனிமையிலும், தம்மைக் காத்துக்கொள்ள இயலாத ஒருவரிடம் மற்றொருவரை அனுப்பும்போது, 'இவரை நம்பலாம்' என்று யாராவது முன்னதாக உறுதி கூற வேண்டும்.

அந்த உறுதிமொழிக்குத்தான் உரிமம் என்று பெயர். தேர்வில் தேறினார் என்பதற்கு மட்டும் அது சான்றாகாது. நோயாளி தாமே செய்ய இயலாத விசாரணையை, அவர் சார்பில் அரசு செய்து முடித்துவிட்டது என்பதற்கும் அது சான்று. ஆகவே இந்தச் சோதனை நோயாளியின் உரிமை. அது உங்கள் மகளின் மீது சுமத்தப்பட்ட ஐயம் என்று கொள்ள வேண்டியதில்லை.

மாநில எல்லையைத் தாண்டும் உரிமம்

'வேலைக்கு அமர்த்தும் மருத்துவமனை விசாரித்துக்கொள்ளட்டுமே; உரிமம் வழங்கும் வாரியம் ஏன் விசாரிக்க வேண்டும்?' என்று கேட்கலாம். மருத்துவமனை தன் வாசலை மட்டுமே காக்க முடியும். அங்கே மறுக்கப்பட்டவர் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊரின் மருத்துவமனைக்கோ முதியோர் இல்லத்துக்கோ போகலாம்.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிச் செவிலியர் வாரியம் உண்டு. ஒரு மாநிலம் தரும் உரிமம் பிற மாநிலங்களிலும் செல்லுபடியாகும் வகையில், 2000-ஆம் ஆண்டில் சில மாநிலங்கள் தமக்குள் ஓர் ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. உறுப்பு மாநிலம் ஒன்றில் இவ்வுரிமம் பெற்றவர் மற்ற உறுப்பு மாநிலங்களிலும் பணிபுரியலாம். செவிலியர்க்கு இது பெரிய வசதி. ஆனால் ஒரு மாநிலம் கைரேகை பார்த்து உரிமம் தர, மற்றொரு மாநிலம் பாராமல் தந்தால் என்ன ஆகும்? நான்கு வாசல்களைப் பூட்டிவிட்டு ஐந்தாவது வாசலைத் திறந்துவைத்த வீட்டின் கதைதான்.

இதனை உணர்ந்தே அவ்வொப்பந்தம் திருத்தி எழுதப்பட்டு, 2018 ஜனவரி 19 முதல் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்தது. பல மாநிலங்களில் செல்லும் உரிமத்தைக் கோருபவர் எவராயினும், மாநில அளவிலும் மத்திய அளவிலும் கைரேகை வழியான குற்றப்பதிவுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பது அதன் பொது நிபந்தனைகளுள் ஒன்று. இன்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அதில் இணைந்துள்ளன. அமெரிக்கரின் மகளாயினும் நம் ஊர் மகளாயினும் விதி ஒன்றே.

பெயர் போதாதா?

பெயரையும் பிறந்த தேதியையும் கொண்டு தேடினால் ஆகாதா என்பது அடுத்த கேள்வி. நம் குடும்பங்களையே எடுத்துக்கொள்வோம். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர். பள்ளிச் சான்றிதழில் மற்றொரு பெயர். வீட்டில் அழைப்பது மூன்றாவது பெயர். மணமான பின் தந்தையின் முதலெழுத்து போய்க் கணவரின் பெயர் வந்து சேர்கிறது. இன்னொரு பக்கம், ஒரே பங்கில் ஒரே பெயர் கொண்ட மேரிகளும் அந்தோணிகளும் எத்தனை பேர்! பெயரை மட்டும் நம்பினால் குற்றவாளி தப்பிவிடலாம். குற்றமற்ற ஒருவர் அதே பெயர் கொண்ட காரணத்தால் மாட்டிக்கொள்ளவும் கூடும். கைரேகை இவ்விரு தவறுகளையும் பெரும்பாலும் தவிர்க்கிறது. அது நல்லவர்க்கும் காவல்.

விரல் ரேகைகளை வகைப்படுத்தித் தேடும் இம்முறைக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. உலகின் முதல் கைரேகைக் காரியாலயம் 1897-இல் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. வங்காளக் காவல்துறைத் தலைவராயிருந்த எட்வர்டு ஹென்றியின் பெயரால் அம்முறை உலகெங்கும் பரவியது. அதனை உருவாக்குவதில் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்திய அலுவலர்க்குப் பெரும் பங்கு இருந்தது. அமெரிக்க மத்தியப் புலனாய்வு நிறுவனமான எஃப்.பி.ஐ. 1924-இல் கைரேகைகளை ஒருங்கே திரட்டும் பிரிவைத் தொடங்கியது. தொழில் உரிமம் வழங்கும் மாநில அதிகாரிகளுக்கு அந்தப் பதிவுகளைக் காட்டுவதற்கு வழிவகுத்த மத்தியச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டது.

ஆனால் எஃப்.பி.ஐ.-யின் பதிவேட்டில் இருப்பவை பெரும்பாலும் அந்நாட்டுப் பதிவுகளே. நம் ஊரில் நடந்த ஒன்று அதில் இராது. அங்கே நிலையாகக் குடியேற விசா கோருபவரிடம் அவர் வாழ்ந்த நாட்டின் போலீஸ் சான்றிதழையும் கேட்பது இதனால்தான். நம் நாட்டில் அதனைப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் வாயிலாக, உள்ளூர்க் காவல்துறையின் விசாரணைக்குப் பின் பெறுகிறோம்.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாள் முழுவதும் சோப்பும் கிருமிநாசினியும் கொண்டு கைகழுவுவதால், செவிலியர் பலருடைய விரல் ரேகைகள் தேய்ந்து மங்கிப்போகின்றன. பதிவு தெளிவாக இல்லை என்று திரும்பி வருவதும் உண்டு. அப்போது மனம் உடைய வேண்டாம். மறுமுறை பதித்தனுப்ப வாய்ப்பு உண்டு. மீண்டும் தெளிவில்லையெனில் பெயரைக் கொண்டு தேடும் மாற்று வழியும் உண்டு. ரேகை தேய்ந்தது குற்றத்தால் அன்று, பணியால்.

ஒருமுறை பார்த்தால் போதுமா?

கலிபோர்னியா மாநிலம் 1990-இலேயே புதிய விண்ணப்பதாரர்களிடம் கைரேகை பெறத் தொடங்கியது. ஆனால் அதற்கு முன்பே உரிமம் பெற்றிருந்தவர்களைக் கேட்காமல் விட்டுவிட்டது. 2008-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழும் புரோபப்ளிக்கா என்னும் செய்தி நிறுவனமும் இதனை ஆராய்ந்தன. நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்ட செவிலியர் சிலர், வாரியத்துக்குத் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் உரிமத்தோடு பணிபுரிந்து வந்தது வெளியாயிற்று. கைரேகை பெறப்படாதவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் மேல் என்பதும் தெரிய வந்தது. அதன் பின்னரே பழைய உரிமதாரர்களும் கைரேகை தர வேண்டும் என்ற விதி 2009-இல் ஏற்பட்டது.

கதவைப் புதிதாய் வருபவருக்கு மட்டும் பூட்டினால் போதாது என்பது இதன் படிப்பினை. இருபது வயதில் மாசற்றிருந்தவர் நாற்பது வயதில் போதைக்கு அடிமையாகலாம். பணிச்சுமையும், வலிக்காக எடுத்த மருந்தும், கைக்கெட்டும் அலமாரியும் சேர்ந்து நல்லவரையும் வீழ்த்தியதுண்டு. ஆகவே பல மாநிலங்களில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போதும், 'இடையில் ஏதேனும் தண்டனை உண்டா?' என்று கேட்கிறார்கள்.

சோதனைக்கு அகப்படாத கொலைகாரன்

இவ்வளவும் சொன்ன பின், இச்சோதனையால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணினால் அதுவும் ஏமாற்றமே. சார்லஸ் கல்லன் என்பவனின் வரலாறு இதற்குச் சான்று.

இவன் 1987-இல் செவிலியனாகப் பணி தொடங்கினான். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா என்னும் இரு மாநிலங்களில் 16 ஆண்டுகளில் ஒன்பது மருத்துவமனைகளிலும் ஒரு முதியோர் இல்லத்திலும் வேலை பார்த்தான். இதய நோய்க்கான டிகாக்சினையும் நீரிழிவுக்கான இன்சுலினையும் தேவையின்றி நோயாளிகளுக்குச் செலுத்திக் கொன்றான். 2003 டிசம்பரில் கைது செய்யப்பட்டான். 29 கொலைகளை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். 2006-இல் பல ஆயுள் தண்டனைகளைப் பெற்றான். வேலியே பயிரை மேய்ந்த கொடுமை!

இவனுடைய குற்றப்பதிவில் என்ன இருந்தது? 1993-இல் உடன் பணிபுரிந்த பெண் ஒருவரின் வீட்டினுள் அத்துமீறி நுழைந்ததற்காக, சிறிய குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தான். அவ்வளவே. அவன் உள்ளத்தில் இருந்ததை எந்தக் கைரேகையும் காட்டியிராது.

ஆனால் கைரேகைக்குத் தெரியாதது மனிதர்களுக்குத் தெரிந்திருந்தது. அவன் பணிபுரிந்த இடங்கள் சிலவற்றில் ஐயம் எழுந்தது. சிலர் அவனை வேலையிலிருந்து நீக்கினர். சிலர் அவன் தானாகப் போகட்டும் என்று விட்டனர். அடுத்த மருத்துவமனை விசாரித்தபோது உண்மையை முழுதும் உரைத்தவர் இல்லை. வழக்குத் தொடுப்பானோ, நிறுவனத்தின் பெயர் கெடுமோ என்ற அச்சம் வாயை அடைத்தது. ஓரிடம் மௌனமாக இருந்ததற்கு மற்றோரிடத்து நோயாளிகள் தம் உயிரை விலையாகக் கொடுத்தனர்.

இறுதியில் அவனைப் பிடிப்பதற்குத் துணை நின்றவரும் ஒரு செவிலியரே என்பதை மறந்துவிடலாகாது. கடைசி மருத்துவமனையில் அவனோடு நட்புடன் பழகிய சக செவிலியர் ஒருவர், மருந்துக் கணக்குகளைப் பார்த்து உண்மையை உணர்ந்து, துப்பறிவாளர்க்கு உதவினார். நட்பைவிட நோயாளியின் உயிர் பெரிதென்று அவர் துணிந்தார்.

இதன் விளைவாக 2005-இல் நியூ ஜெர்சியில் ஒரு சட்டம் வந்தது. நோயாளிக்கு ஆபத்து விளைவிக்கும் பணியாளரைப் பற்றி மருத்துவமனைகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பிற மருத்துவமனை விசாரித்தால் உண்மையைக் கூற வேண்டும். நல்லெண்ணத்தோடு கூறியவர்க்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று அது விதித்தது.

ஆக, கைரேகைச் சோதனை ஒரு பூட்டு மட்டுமே. அறிந்தவர் உண்மை பேசுவது அதனினும் வலிய பூட்டு. இரண்டும் சேர்ந்தால்தான் நோயாளி நிம்மதியாய்த் துயில முடியும்.

விழுந்தவன் எழலாகாதா?

மற்றொரு கேள்வியும் நம் மனச்சான்றை உறுத்துகிறது. இளமையில் ஒருமுறை தவறியவர் வாழ்நாள் முழுவதும் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டுமா?

இதில் சட்டங்கள் ஒரே சீராக இல்லை. சில மாநிலங்களில் கொலை, குழந்தைகளுக்கு இழைத்த பாலியல் கொடுமை போன்ற குற்றங்களுக்கு உரிமமே கிடையாது. பெருங்குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர் மேற்சொன்ன ஒப்பந்தத்தின்படி பல மாநிலங்களில் செல்லும் உரிமத்தைப் பெற இயலாது. எனினும் தம் மாநிலத்துக்கு மட்டுமான உரிமத்தை அம்மாநில விதிகளின்படி அவர் கோரலாம். சிறுகுற்றமாயின், செவிலியர் பணியோடு அதற்குத் தொடர்பு உண்டா என்பதைத் தனித்தனியே ஆராய்கிறார்கள். குற்றம் நடந்தபோது வயது என்ன, எத்தனை ஆண்டுகள் கடந்துள்ளன, அதன்பின் அவர் வாழ்ந்த வாழ்க்கை எத்தகையது என்பவற்றை வாரியங்கள் பலவும் எடை போடுகின்றன.

இன்னுமொரு நீதியும் தேவை. கைது செய்யப்பட்டது பதிவாகி, விடுதலையானது பதிவாகாமல் போவது உண்டு. ஆகவே எஃப்.பி.ஐ. பதிவைப் பயன்படுத்தும் அதிகாரிகள், அதிலுள்ள பிழையைத் திருத்தவோ விடுபட்டதை நிரப்பவோ விண்ணப்பதாரர்க்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்று மத்திய விதி கூறுகிறது. காகிதத்தைப் பார்த்து மட்டும் ஒருவரின் வாழ்வை முடித்துவிடலாகாது என்ற எண்ணமே இதற்கு அடிப்படை.

நோயாளியின் பாதுகாப்பும் திருந்தியவரின் மறுவாழ்வும் இரண்டுமே நமக்கு வேண்டும். இரண்டும் மோதும் இடத்தில், தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவரின் பக்கமே தராசு சற்றுத் தாழ வேண்டும். திருந்தியவர்க்கு வாழ வேறு வழிகளும் உண்டு. கட்டிலில் கிடப்பவர்க்கு உள்ளது ஓர் உயிரே.

நம் இல்லங்களுக்குச் சில சொற்கள்

வரப்புத் தகராறிலோ, ஊர்ச் சண்டையிலோ, வாகன விபத்திலோ நம் பிள்ளைகளின் பெயர் வழக்கில் சேர்ந்திருக்கலாம். விண்ணப்பத்தில் கேட்கும்போது, 'யாருக்குத் தெரியப் போகிறது?' என்று மறைக்கச் சொல்லும் தரகர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பழைய சிறு வழக்கு மன்னிக்கப்படலாம். விண்ணப்பத்தில் சொன்ன பொய் புதிய குற்றமாகிவிடும். உரிமம் மறுக்கப்படவும், கிடைத்த உரிமம் பறிபோகவும் அதுவே காரணமாகும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். நீதிமன்றத் தீர்ப்பின் நகலைப் பத்திரப்படுத்தி வையுங்கள். ஞானஸ்நானச் சான்று, பள்ளிச் சான்று, பாஸ்போர்ட் ஆகியவற்றில் பெயர் வேறுபாடு இருந்தால் இளமையிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, சான்றிதழ் வழங்கும் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் நன்னடத்தைச் சான்று கேட்டு வருபவர் பலர். 'ஏழைப் பிள்ளை, பிழைத்துப் போகட்டும்' என்ற இரக்கத்தால், அறியாதவரையும் 'நன்கு அறிவேன்' என்று எழுதிவிடுகிறோம். அறிந்த குறையையும் மறைத்துவிடுகிறோம். அந்தத் தாளை நம்பி, எங்கோ ஒரு முதியவர் தம் கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்ளப் போகிறார். அவரையும் எண்ணி எழுதுவோம். எழுத மனம் வராத இடத்தில் கையெழுத்திட மறுப்பதும் ஓர் அறமே.

செவிலியராய்ப் பணிபுரியும் சகோதர சகோதரிகளே, அமெரிக்க மக்களிடம் ஆண்டுதோறும் நடத்தப்படும் கேலப் கருத்துக் கணிப்பில், நேர்மையில் சிறந்த தொழிலினர் என்று மிகப் பலரால் மதிக்கப்படுபவர்கள் செவிலியரே. 1999 முதல், தீயணைப்புப் படையினர் முந்திய 2001-ஆம் ஆண்டு நீங்கலாக, அந்த முதலிடம் அவர்களிடமே இருந்து வருகிறது. அந்த நன்மதிப்பு உங்களுக்கு முன் உழைத்தவர்கள் சேர்த்துவைத்த சொத்து. அதனைக் கெடுக்க வரும் ஒருவரைத் தடுத்து நிறுத்துவது உங்களுக்கு நன்மையே.

ஆகவே அடுத்தமுறை உங்கள் மகள் பத்து விரல்களிலும் மை தடவி அட்டையில் பதிக்கும்போது தலைகுனிய வேண்டாம். நம் வீட்டுப் பாட்டி மருத்துவமனையில் தனியே படுத்திருந்தால், அவருக்குப் பணிவிடை செய்ய வருபவரைப் பற்றி நாம் என்னென்ன அறிய விரும்புவோமோ, அதைத்தான் கடல் கடந்த ஒரு குடும்பமும் அவளிடம் கேட்கிறது. அவள் மனமுவந்து விடையளிக்கட்டும்.